பித்தளைக் கவராயமும் வெள்ளைத் தோலும்

எனக்குச் சீராக எழுத வராது, பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஒன்றைத் தொடங்கினால் மற்றது மறந்துபோகிறது. ஆட்கள் முன்னால் வாய் திறக்கக் கூச்சம், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். எங்கள் வேதக் கோயில் மூப்பரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஓங்காளம் வரும்.

கற்பிட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்து பங்களாவில் நான் குசினியில் சமையல் வேலைக்கு நின்றேன். வீட்டுக்காரி விதவை, நாங்கள் நோனா என்று கூப்பிடுவோம். அவவுக்கு ஒரே மகன். காணி அளக்கிற படிப்புப் படித்தவர், அவர் எங்களுக்குச் சின்னத்துரை. குசினி வாசலில் நின்று பாண் ரொட்டியின் கருகின ஓரத்தைக் கேட்டு வாங்கித் தின்பார். வேலிச் சண்டை என்றால் ஊரே அவரிடம்தான் வரும். கோயில் மூப்பரின் வளவையும் அவர்தான் அளந்து கொடுத்தார்.

கொழும்பில் வேலை பார்க்கும்போது பிரீமேசன் என்கிற சங்கத்தில் அவர் சேர்ந்திருந்தார். சேருகிறவருக்கு இடுப்பில் கட்ட ஆட்டுக்குட்டித் தோலில் ஒரு வெள்ளைத் துண்டு கொடுப்பார்களாம். செத்தால் அதையும் கூடவே புதைக்க வேண்டுமாம். ஜப்பான்காரனோடு நடந்த சண்டைக்குப் போகும்போது அதைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் போனார். நோனா அதை வெயில் காட்டி மடிக்கும்போது இவ்வளவும் எனக்குச் சொன்னா. ஊரில் கதை வேறு. மண்டையோட்டில் இரத்தம் குடிக்கிற கூட்டம் என்றார்கள். அவர் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர்களே அப்படிச் சொன்னார்கள்.

பட்டாளத்தில் அவருக்குப் பாதையும் பாலமும் போடுகிற வேலை. பர்மாவில் செத்துப்போனார் என்று தந்திதான் வந்தது. சண்டை முடிந்த பிறகு, அவரோடு இருந்த ஒருவர் ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கால் இழுத்து இழுத்து நடந்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் காயக்காரர்கள் கிடந்தார்களாம், பாலம் இல்லாமல் அவர்களைக் கொண்டுபோக வழியில்லையாம். சின்னத்துரை கரையில் இறங்கி அளவு எடுத்து, கடைசி முளையையும் அடித்துவிட்டு நிமிரும்போது துப்பாக்கிச் சூடு பட்டதாம். அந்த அளவில் போட்ட பாலத்தால் போன காயக்காரரில் நானும் ஒருவன் என்று சொல்லி அந்த மனிதர் அழுதார். ஆற்றங்கரையிலேயே புதைத்தார்களாம். அதே சங்கத்து வெள்ளைக்காரர் ஒருவர் குழிக்குள் ஒரு பச்சைக் கொப்பைப் போட்டாராம்.

பெட்டிக்குள் பூச்சி அரித்த சட்டைகள், வட்டம் கீறுகிற ஒரு பித்தளைக் கவராயம், மூலை சரிபார்க்கிற ஒரு மூலைமட்டம். கடைசி நேரம் அவர் கையில் இருந்த சாமான்கள் அவை.

நோனாவுக்கு ஒரே ஒரு ஆசை. சேமக்காலையில், கோயில் கல்லறைத் தோட்டத்தில், தகப்பனின் கல்லில் மகனின் பெயரையும் வெட்டி, பங்குச் சுவாமியாரைக் கொண்டு மந்திரிக்க வேண்டும். அதைக் கேட்டுக் கோயிலுக்கு ஆள் அனுப்பினா. மூப்பர் வந்தார். முதலில் சாப்பிட்டார். பிறகு வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, பிரீமேசன்காரனுக்குச் சேமக்காலையில் இடமில்லை என்று சுவாமி சொல்லிவிட்டாராம் என்றார். அந்தச் சங்கத்துச் சாமான்களை ஊர் பார்க்க அழித்தால் மட்டும், தான் சுவாமியிடம் பேசிப் பார்க்கலாமாம்.

தகரப்பெட்டியைத் திறந்தவர் கவராயத்தைக் கண்டதும் பின்வாங்கினார்.

"இதுதான் நோனா. இந்த ரெண்டும்தான் அவங்கட அடையாளம்."

"அது பட்டாளத்துச் சாமான். பாலத்துக்கு அளந்தது."

"எனக்குத் தெரியாததா, நோனா?"

"உன்ட வளவை அளக்கைக்குள்ளயும் இதைத்தானே வச்சிருந்தான். அப்ப பேய் தெரியல்லையா? உன்ட தம்பி தச்சன், அவனிட்டயும் மூலைமட்டம் இருக்குதே."

மூப்பர் குரோட்டன் செடிமேல் வெற்றிலையைத் துப்பினார். என்னைக் கமுகம்பாளை கொண்டுவரச் சொன்னார். அசிங்கத்தை அள்ளுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்த இரண்டையும் பாளையால் தள்ளி எடுத்தார். களப்புக் கரை வரைக்கும் ஊர் பின்னால் வந்தது. சேற்றுத் தண்ணீரில் வீசினார். சிலர் சிலுவை போட்டார்கள். சிலர் துப்பினார்கள். நோனா தடுக்கவில்லை. தடுத்தால் பெயர் வெட்ட விடமாட்டார்கள்.

திரும்பி வந்து கையை மூன்று நான்கு தரம் கழுவிவிட்டு, மிச்ச நண்டுக்கறி இருக்குதா என்று கேட்டார். நான்தான் போட்டேன். அந்த விரல்கள் நண்டுக் காலை உறிஞ்சினதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நண்டு இறங்காது.

உடல் கிடைக்காதவருக்கு, அவர் உடுத்தது ஏதாவது மண்ணில் வைத்து மூடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சுவாமி சம்மதித்ததும் மூப்பர் மறுபடி வந்தார், சட்டையெல்லாம் பூச்சி தின்றதால் அலுமாரியைப் பார்த்தார். மடிப்புக் குலையாமல் இருந்த வெள்ளைத் தோலைத் தொட்டுத் தடவினார்.

"இதென்ன நோனா, இவ்வளவு மெத்தெண்டு?"

"அவன் இடுப்பில கட்டினது."

"அப்ப இதையே வைப்பம். வெள்ளையாவும் இருக்குது."

நோனா என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

மூப்பர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். சுவாமி தீர்த்தம் தெளித்தார். ஆட்கள் முழங்காலில் நின்று செபம் சொன்னார்கள். சின்னத்துரையின் பெயரும் கல்லில் ஏறியது. அது அந்தச் சங்கத்துத் தோல் என்று ஊருக்குத் தெரிந்திருந்தால் எப்படிச் சிரித்திருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும், நோனா நினைத்தது நடந்ததுதானே என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஓம், நடந்தது. அவன் கையில வச்சுக்கொண்டு செத்த சாமான் சேத்துக்குள்ள கிடக்குது, பிள்ளை. அவன் செய்த வேலையைத்தானே இவனுகள் பேயெண்டு வீசினது."

தண்ணீர் வற்றினபோது நாங்கள் இரண்டு பேரும் இறங்கித் தேடினோம். கிடைக்கவில்லை. மூப்பரோ ஒவ்வொரு வருசமும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, இந்தக் குடும்பத்துப் பேயைத் தான்தான் களப்பில் போட்டதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், வாயோரம் வெற்றிலைச் சாறு வழிய. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சீ.

கல்லில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பாலம் போட்டவர் என்று ஒரு சொல்லும் இல்லை. எந்த ஆறு, பட்டாளத்தில் அவருக்கு என்ன பதவி என்றெல்லாம் பெட்டி கொண்டுவந்த மனிதர் சொன்னார், எனக்கு நினைவில் இல்லை. பச்சைக் கொப்பு போட்டதையும் நான் சரியாக விளங்கினேனோ தெரியாது. பட்டாளத்துப் பதிவுகளைப் பார்க்கத் தெரிந்த யாராவது விசாரித்து, நான் பிழையாக எழுதியதைத் திருத்திவிடுங்கள்.