தங்கதுரையின் இரண்டாவது திருப்பு

கொச்சி மட்டாஞ்சேரியில் தங்கதுரையின் சலூனுக்கு முடிவெட்ட மட்டும் யாரும் போவதில்லை. வெட்டி முடித்ததும் தலையைத் தட்டி, தாடையைப் பிடித்து, படக்கென்று கழுத்தைத் திருப்பி நெட்டி எடுத்துவிடுவார். மூட்டை தூக்குகிறவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். தென்காசியிலிருந்து வந்து கடை போட்ட மனிதருக்கு இதில் தலைக்கனம் வேறு. சத்தம் வராவிட்டால் விடமாட்டார். கழுத்தென்ன, துருப்பிடித்த தாழ்ப்பாளா?

எதிரே சாயாக்கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயில் அவருடைய உயிர் நண்பர். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், இடது பக்கம் சத்தம் வரவில்லையென்று இஸ்மாயிலின் கழுத்தை இரண்டாவது தடவையும் திருப்பினார். மதியத்துக்குள் இஸ்மாயிலுக்குத் தலை சுற்றியது. விக்கல் நிற்கவில்லை, குரல் கம்மிவிட்டது, குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. தங்கதுரைதான் ஆட்டோ பிடித்து எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு டாக்டர் ஸாதனா படத்தைக் காட்டினார்.

“இதாக்கும் மூளைத்தண்டு. முழுங்கறது, பேசறது, மூச்சு விடறது எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு.”

மொத்தமே கட்டைவிரல் தடிமன்தான். அதன் அடிப்பகுதியில், இடது ஓரத்தில், அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. ரத்தம் போகாமல் செத்த இடமாம். இவ்வளவு சின்ன இடத்திலா ஒரு மனிதனின் மூச்சு இருக்கிறது என்று தங்கதுரை தன் கட்டைவிரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கழுத்துல போற ரத்தக்குழாய் உள்ள கிழிஞ்சிருக்கு. யாராவது கழுத்தைத் திருப்பி விட்டாங்களா?”

கட்டிலில் கிடந்த இஸ்மாயில் தங்கதுரையின் பக்கம் பார்க்கவே இல்லை.

“இல்ல டாக்டரே,” என்றார் கம்மிய குரலில். “உறக்கத்துல பிடிச்சதாக்கும்.”

அந்தப் பொய்தான் தங்கதுரையை உலுக்கிவிட்டது.

“நான்தான் டாக்டர். இந்தக் கைதான்,” என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் எத்தனை கழுத்து!

“பிழைச்சுப்பார். ஆனா சோறு முழுங்க நாளாகும்,” என்றார் டாக்டர்.

இஸ்மாயிலுக்கு மாற்றுத்துணி எடுத்துவரப் புறப்பட்ட தங்கதுரை, வழியில் தன் வீட்டுக்கும் ஒரு எட்டு போனார். மனைவி வசந்திக்கு விஷயம் எதுவும் தெரியாது. துணி துவைத்த ஈரக்கையோடு வந்து, வழக்கம்போல அவருக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையைச் சாய்த்தாள்.

“கழுத்து ஒரே பிடிப்பா இருக்கு. ஒரு திருப்பு திருப்பி விடுங்க.”

தங்கதுரை இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவரும்படி அலறினார்.

“எந்திரி வசந்தி! என் பக்கத்துல வராத!”