முதல் கியரில் பின்னால் போன வண்டி

பல்லக்காவிடம் யார் பேசினாலும் அவள் கண்ணைப் பார்க்க மாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். இருபத்திரண்டு வருடமாகப் பல் டாக்டர் கிளினிக்கின் பின்னறையில் பல் செட் செய்கிற வேலை. அந்த வட்டாரத்தில் அறுபது தாண்டியவர்கள் வாய்விட்டுச் சிரித்தால் அதில் பாதி அவள் கைவேலை. யார் பல்லைக் கழற்றி எந்த டம்ளரில் போட்டு வைக்கிறார், யார் மனைவியோடு சண்டை போடும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உத்தேசமும் அவளுக்கு இருந்ததில்லை.

நாற்பத்தெட்டாவது வயதில் அவளும் கணவரும் வாடகை வீடு மாறினார்கள். புது வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்ட ஒரு கொட்டகை. உள்ளே ஒரு மோட்டார் சைக்கிள், முன் சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கோபித்துக்கொண்ட மாமியார் போல நின்றிருந்தது. யாரோ பழைய குடித்தனக்காரர் விட்டுப் போனதாம். “வச்சுக்கங்க, இல்ல தூக்கிப் போடுங்க, என்னைக் கேக்காதீங்க” என்று சொல்லி வண்டிக் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டார் வீட்டுக்காரர்.

கணவர் மறுநாளே பழைய இரும்பு வாங்குபவரைக் கூட்டி வந்தார். வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார், டேங்கைத் தட்டினார், கடைசியில் சும்மா கிக்கரை ஒரு மிதி மிதித்தார். உள்ளேயிருந்து ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வந்தது.

“மூச்சு இருக்கே!” என்றாள் பல்லக்கா.

“அது மூச்சு இல்லம்மா, ஏப்பம்” என்றார் அவர்.

இந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. மூன்றே பல் மிச்சமிருந்த வாய்களைக்கூட அவள் கடலை கடிக்க வைத்திருக்கிறாள். ஒரு மிதியில் முடிவு சொல்ல இவர் யார்? “நீங்க போயிட்டு வாங்க” என்று அவரை அனுப்பிவிட்டுக் கொட்டகையைச் சாத்தினாள். அதுவரை அவள் ஓட்டியிருந்த வண்டி ஒரு சைக்கிள்தான். அதற்குச் செயின் கழன்றால்கூடத் தெருவில் யாரையாவது கூப்பிடுவாள்.

கணவருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. செத்தவர்களின் காகிதங்கள் அவர் மேசைக்குத்தான் வரும். மோட்டார் சைக்கிள் என்று அவர் சொல்ல மாட்டார். ‘இருசக்கர வாகனம்’ என்பார், அதுவும் குரலைத் தாழ்த்தி.

“நூத்துக்கு எத்தனை பேருன்னு உனக்குத் தெரியுமா?” என்றார் சாப்பிடும்போது.

“தெரியாது. குழம்பை ஊத்திக்கங்க.”

“அதுல தலையில அடிபடறவங்க மட்டும்...”

“வண்டியில சக்கரமே சுத்தல. அது மேல உக்காந்து நான் எப்படிச் சாவேன்? போரடிச்சா?”

செய்தி கேட்டு மறுவாரமே வந்து சேர்ந்தான் கொழுந்தன். கணவரின் தம்பி, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான், ஊரில் எல்லாருக்கும் அவன் ஸ்டியரிங். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதில் கெட்டிக்காரன்தான். ஆனால் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், தண்ணீர் ஊற்றுகிற இடம் ஒன்று இருப்பதாக மட்டும் அறிந்தவன். கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கால்மேல் கால் போட்டான்.

“அண்ணி, இஞ்சினுங்கறது குழந்தை மாதிரி. பக்குவமா...”

“தம்பி, அந்த ஸ்பானரை எடு.”

“எது?”

“உன் கால்கிட்ட இருக்கறது.”

“இது ஸ்பானரா? நான் திருப்புளின்னு நினைச்சேன்” என்றான் அவன். இவனிடமிருந்து எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் அவன் ஒரு உருப்படியான காரியம் செய்தான். எங்கேயோ தேடி, அந்த மாடல் வண்டிக்கான கையேட்டின் நகல் ஒன்றைக் கொண்டு வந்தான். நகலுக்கு நகல் எடுத்து, அதற்கும் நகல் எடுத்தது. படங்களெல்லாம் கரப்பான்பூச்சி நசுங்கிய மாதிரி இருந்தன. அதையே வேதமாக வைத்துக்கொண்டாள்.

பிரிக்கிற வேலையில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. கிளினிக் பின்னறை லேபில் பல் செட் வைத்துக் கொடுக்கிற பிளாஸ்டிக் டப்பாக்கள் பழசாக ஒரு மூட்டை இருந்தன, மூடியில் பழைய ஆட்களின் விலாசத்தோடு. கழற்றிய ஒவ்வொன்றையும் ஒவ்வொரு டப்பாவில் போட்டாள். ஆகவே கிளட்ச் ஸ்பிரிங்குகள் தபால் ஆபீஸ் அம்மாவின் கீழ்த்தாடையிலும், பிரேக் சாமான்கள் தையல்காரரின் மேல்தாடையிலும் குடியிருந்தன. சாப்பாட்டு மேசையில் பாதி இடம் இஞ்சினுக்குப் போயிற்று. கணவர் மீதிப் பாதியில் செய்தித்தாளை விரித்துச் சாப்பிட்டார். ஒருநாள் உப்பு என்று நினைத்து எதையோ தூவிக்கொண்டு, அது பாலிஷ் பொடி என்று தெரிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, அன்று முழுக்கப் பேசவில்லை. அந்த ஒரு நாளில் பல்லக்கா இரண்டு சக்கரத்தையும் கழற்றி முடித்தாள்.

துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வேகமாக முறுக்கி ஒன்றை உடைத்தே விட்டாள். தலை கையோடு வந்தது, உடம்பு உள்ளேயே தங்கிவிட்டது. குந்தி உட்கார்ந்து கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். பிறகு பல் டாக்டர் பிடுங்குகிற விதம் நினைவுக்கு வந்தது. அவர் இழுக்கவே மாட்டார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே வீட்டில் சௌக்கியமா என்று விசாரிப்பார். அடுத்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, அதே மாதிரி ஆட்டி எடுத்தாள். உடைந்து உட்கார்ந்ததை மட்டும் லேபிலிருந்து பல் குடைகிற டிரில்லைக் கொண்டு வந்து, ஐந்து நாள் பொறுமையாகக் குடைந்து எடுத்தாள்.

லேப் சாமான்கள் வீட்டுக்கு வந்தால், வீட்டுச் சாமான்கள் லேபுக்குப் போவதுதானே நியாயம்? கார்புரேட்டரின் பொடித் துளைகளெல்லாம் பிசினாக அடைத்திருந்தன. லேபில் பல் செட் கழுவ ஒரு மெஷின் உண்டு. தொட்டியில் தண்ணீர் கிர்ரென்று அதிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத அழுக்கையும் உதிர்த்துவிடும். ஒருநாள் மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போன நேரம் கார்புரேட்டரை அதில் போட்டாள். வெள்ளியாக மின்னிக்கொண்டு வெளியே வந்தது. சந்தோஷத்தில் தண்ணீரை மாற்ற மறந்துவிட்டாள். அதே தண்ணீரில், அதே மத்தியானம், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரின் புதுப் பல் செட் கழுவப்பட்டது.

மறுநாள் காலை தலைமை ஆசிரியர் கிளினிக்கில் வந்து நின்றார்.

“டாக்டர், என் பல்லுல பெட்ரோல் வாசனை வருது.”

டாக்டர் சிரித்தார். பிறகு முகர்ந்து பார்த்தார். சிரிப்பு நின்றது.

“சார், சிகரெட் பிடிப்பீங்களா?”

“ஒண்ணு ரெண்டு.”

“இன்னைக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு டாக்டர் நேராகப் பின்னறைக்கு வந்தார். பல்லக்காவைவிடப் பத்து வயது சின்னவர். ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கும் அக்கா என்றுதான் ஆரம்பித்தார், ஆனால் அந்த ‘அக்கா’வில் நாலு திட்டு இருந்தது.

“அக்கா, தொட்டியில என்ன போட்டீங்க?”

“கார்புரேட்டர்.”

“யாரோட கார்புரேட்டர்?”

“என்னோடது.”

“அது வாய்க்குள்ள போற சாமான் அக்கா. மனுஷன் வாய்!” என்றார். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இருபத்திரண்டு வருடத்தில் அவள் கையிலிருந்து போன எந்தப் பல்லும் இப்படித் திரும்பி வந்ததில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து, தலைமை ஆசிரியருக்கு முதலிலிருந்து வேறு செட் செய்தாள். அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்பும் கேட்டாள். அவர் மாட்டிப் பார்த்து, நன்றாகக் கடிக்கிறது என்று சொல்லிவிட்டு, “அந்த வண்டி என்ன மாடல்?” என்று கேட்டார். அதன் பிறகு மோட்டார் சைக்கிளின் ஒரு துகள்கூட லேபுக்குள் போகவில்லை. மீதியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள்.

எட்டு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டப்பாக்களெல்லாம் காலியாகி, வண்டி முழுசாக நின்றது. முந்தின நாள்தான் தீப்பொறி விழுகிற நேரத்தைச் சரிசெய்திருந்தாள். பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை மில்லிமீட்டர் இருக்கும்போது பொறி விழ வேண்டும் என்று கையேட்டில் இருந்ததோ, அந்த அளவை, பல் செட் மெழுகின் ஆழம் பார்க்கிற அளவுகோலால் மயிரிழை பிசகாமல் வைத்திருந்தாள்.

ஸ்டியரிங்கும் வந்திருந்தான். வண்டியை முற்றத்துக்குத் தள்ளி, வாசலைப் பார்த்து நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. கணவர் முதலுதவிப் பெட்டியோடு வந்தார். விபத்து முன்னால்தான் நடக்கும் என்று கணக்குப் போட்டு, வண்டிக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

பல்லக்கா கிக்கரை மிதித்தாள். மூன்றாவது மிதியில் அது எகிறி அவள் காலை உதைத்தது. “அய்யோ” என்று நொண்டிக்கொண்டு மறுபடி மிதித்தாள். ஒரு உதறல், ஒரு இருமல், பிறகு டப் டப் டப் என்று வண்டி ஓட ஆரம்பித்தது. முற்றத்தில் புகை நிரம்பியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டாள்.

“இறங்குங்க அண்ணி” என்று ஸ்டியரிங் ஹெல்மெட்டை மாட்டினான். “முதல் ஓட்டம் தெரிஞ்சவன் கையால நடக்கணும். இருபது வருஷ அனுபவம். வழியில நிக்காதீங்க எல்லாரும்.”

கால் வலியில் அவளும் விட்டுக்கொடுத்தாள். அவன் ஏறி உட்கார்ந்து, ஜன்னல்களைப் பார்த்துக் கையசைத்து, முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரை முறுக்கி, கிளட்சை விட்டான்.

வண்டி பின்னால் போயிற்று.

மெதுவாகவும் போகவில்லை. வாசலைப் பார்த்துக் கம்பீரமாக உட்கார்ந்தபடியே ஸ்டியரிங் முதுகுப்பக்கமாகப் பறந்தான். கணவர் முதலுதவிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்மேல் தாவினார். அந்த உடம்பில் அப்படி ஒரு தாவல் ஒளிந்திருந்தது யாருக்கும் தெரியாது. துணிக்கொடி அறுந்தது. தண்ணீர்த் தொட்டியில் முட்டி வண்டி நின்றது. ஸ்டியரிங் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டின் மேல் அவன் அண்ணனின் உள்ளாடை ஒன்று, ஈரமாக.

“அண்ணி,” என்றான் உள்ளே இருந்து, “ரிவர்ஸ் கியர் எதுக்கு வச்சீங்க?”

“நான் வைக்கலடா!”

“அப்ப எனக்கு மட்டும் ஏன் பின்னால போகுது?”

பல்லக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நொண்டிக்கொண்டே போய் அவனைத் தூக்கிவிட்டாள். எங்கும் அடிபடவில்லை, மானத்தைத் தவிர. எதிர் ஜன்னல் ஒன்றிலிருந்து, “ஸ்கூல்ல இதுக்கும் லைசன்ஸ் வாங்கித் தருவீங்களா?” என்று கேட்டார்கள்.

மத்தியானம் அவள் இஞ்சின் மூடியைக் கழற்றிவிட்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கியர்களை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாயிற்று. தலைகீழாக எதையும் மாட்டவில்லை. எட்டு மாத வேலை. ஒரு ஓரமாக, அந்த இரும்புக்காரர் சொன்னது சரியோ என்றுகூடத் தோன்றிற்று. அப்போது கணவர் கையேட்டின் நகலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எந்தக் காகிதத்தையும் அடிவரை படித்தே தீருகிறவர்; அவர் பிழைப்பே அது.

“இந்த இடத்துல நீ என்ன அளவு வச்சே?”

“எட்டு மில்லிமீட்டர். போட்டிருக்கே.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை வெளிச்சத்துக்குக் காட்டினார். “இது எட்டு இல்ல, மூணு. இடது பக்கம் மை கசிஞ்சிருக்கு பாரு. இருபது வருஷமா மூணை எட்டாக்கறவங்களையும் எட்டை மூணாக்கறவங்களையும்தான் நான் பாத்துட்டிருக்கேன். என்கிட்டயா!”

அவள் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். மூன்றுதான். அப்புறம் எல்லாம் விளங்கிற்று. பொறி முன்கூட்டியே விழுந்ததால், மேலே ஏறிக்கொண்டிருந்த பிஸ்டன் உச்சிக்குப் போகுமுன்பே உதைபட்டுத் திரும்பியிருக்கிறது. காலில் விழுந்த அடி அதுதான். இந்த டூ-ஸ்ட்ரோக் ரக இஞ்சினுக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான். பின்பக்கமாகவே சுற்றி, சந்தோஷமாக ஓடியிருக்கிறது. அவள் கணவரின் கன்னத்தில் கிரீஸ் கையால் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம், மூன்று மில்லிமீட்டரில், வண்டி காலை உதைக்காமல் கிளம்பியது. இந்தத் தரம் அவளே ஏறினாள். ஸ்டியரிங் பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று, “கிளட்சை மெல்ல அண்ணி, மெல்ல” என்று கத்தினான். அந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னது சரியாகவே இருந்தது. வண்டி வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. முனைவரை போய், திரும்பத் தெரியாமல் இறங்கி, கையால் தள்ளித் திருப்பி, மறுபடி ஏறி வந்தாள். ஒரு மாதம் ஸ்டியரிங்கிடம் முறையாகக் கற்று, உரிமம் வாங்கினாள். திட்டாமல் கற்றுக்கொடுத்தான், அவளும் தொட்டியைப் பற்றிப் பேசவில்லை, தினம் ஒரு முறைக்கு மேல்.

சைக்கிளில் கிளினிக்குக்கு இருபத்தைந்து நிமிடம். மோட்டார் சைக்கிளில் முப்பத்தைந்து, வழியில் இரண்டு இடத்தில் நின்றுவிடுவதால். டாக்டர் வாசலில் நிறுத்த இடம் கொடுத்தார், ஜன்னலிலிருந்து தள்ளி.

கணவர் பின்னால் ஏற மூன்று மாதம் ஆயிற்று. ஒரு விடுமுறை நாள், ஹெல்மெட், கையுறை, முழங்கால் பட்டை எல்லாம் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“எங்க பிடிச்சுக்கணும்?”

“என்னைப் பிடிங்க. இல்ல சீட்டைப் பிடிங்க. வாயை மட்டும் மூடிக்கங்க.”

மூடவில்லை. போகிற வழியெல்லாம் பள்ளம், மணல், நாய், லாரி என்று காதருகில் வாசித்துக்கொண்டே வந்தார். ஊருக்கு வெளியே மேட்டுச் சாலை வந்ததும் வண்டி திணறியது. “இறங்குங்க, இல்லன்னா ரெண்டு பேரும் இங்கேயே குடித்தனம்தான்” என்றாள் அவள். அவர் இறங்கியதும் வண்டி உற்சாகமாக மேலே ஏறிப் போயிற்று. அவர் முழங்கால் பட்டையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, மேடு முழுக்க நடந்து வந்தார். உச்சியில் பல்லக்கா இஞ்சினை அணைக்காமல் உறுமவிட்டுக் காத்திருந்தாள்.

“அதை அணைச்சாத்தான் என்ன? பெட்ரோல் வீணாப் போகுது” என்றார் அவர்.

“அணைச்சா மறுபடி கிளம்பும்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்களா?”

காப்பீட்டுக்காரர் யோசித்தார். பேசாமல் ஏறி உட்கார்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.