அலுமாரிக்குள் பூட்டிய தடுப்பூசி அட்டை

அன்று முழுவதும் எங்கள் அலுமாரிச் சாவி என் கணவரின் காற்சட்டைப் பைக்குள் இருந்தது. உள்ளே இருந்தது நகையல்ல, நான்கு மாத மகளின் தடுப்பூசி அட்டை. முதல் ஊசிக்குப் பிறகு பிள்ளை இரண்டு நாள் காய்ச்சலில் துவண்டதைப் பார்த்த மனிதர், அட்டை இல்லாவிட்டால் கொட்டாஞ்சேனையில் எவரும் இரண்டாவது ஊசியைப் போடமாட்டார்கள் என்று முடிவு கட்டியிருந்தார். அரசாங்கக் காகிதத்தின் மீது இவருக்கு அவ்வளவு பக்தி! எனக்கோ காய்ச்சலை விட, அந்த ஊசி தடுக்கும் கக்குவான் இருமலை நினைத்துத்தான் பயம்.

அன்றைய தடுப்பூசி கிளினிக்கில் எங்களைக் காணவில்லை என்று பிற்பகல் வட்டாரத்து மிட்வைஃப் மிஸ்ஸே எங்கள் தொடர்மாடியின் நான்கு மாடியும் ஏறி வந்துவிட்டார்.

"ஊசி அட்டையைக் காணேல்ல மிஸ். காட் இல்லாம எப்பிடிப் போடுறது?" என்றார் இவர், கொஞ்சமும் கூசாமல். எனக்குக் கோபத்தில் காது சூடேறியது. மிஸ் பையிலிருந்து தடித்த பதிவேட்டை எடுத்து விரித்தார்.

"மகள் பிறந்த நிறைகூட இதில இருக்கு தம்பி. புதுக் காட் எழுதித் தாறன், வாங்கோ."

இவர் அகப்பட்டுக்கொண்டார். "போன முறை பிள்ளை நெருப்பாக் கொதிச்சது மிஸ். நோயை நீங்களே ஏத்துறீங்களே!"

"ஏத்துறது செத்த கிருமி தம்பி. அதை வச்சுத்தான் உடம்பு சண்டை பழகுது, அந்தச் சூடுதான் காய்ச்சல். உயிருள்ள கிருமி வந்தாப் பிறகு பழக நேரமில்லை. ஒருக்காப் பழகினது காணாது, அதுக்குத்தான் ரெண்டாவது ஊசி."

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மிஸ்ஸின் பின்னால் இறங்கிவிட்டேன். ஊசி போட்ட அன்றிரவும் காய்ச்சல் வந்தது. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுப் பெரிய பையன் இருமத் தொடங்கினான். ஒவ்வொரு மாலையும் என் மகளை மடியில் வைத்து விளையாடிய பையன். அவனுக்குக் கக்குவான் என்று தெரிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். அவர் முதலில் கேட்டது ஊசியைப் பற்றித்தான்.

"ஓம் டொக்டர், ரெண்டும் போட்டாச்சு!" என்றார் இவர், தானே சுமந்து போய்ப் போட்டவர் போல. டாக்டர் முகம் தெளிந்தது. முன்காப்புக்கு ஒரு பாணி மருந்தும் எழுதித் தந்தார். மூன்று வாரம் பிள்ளையின் ஒவ்வொரு மூச்சுக்கும் காது கொடுத்துக் கிடந்தோம். ஒரு தும்மல்கூட வரவில்லை. எங்கள் பிள்ளை வென்றுவிட்டாள்!

ஆறாம் மாத ஊசிக்கு இவர் அரைநாள் லீவு போட்டு, பிள்ளையோடு வரிசையின் முதல் ஆளாக நின்றார். மிஸ் சிரிக்காமல் சொன்னார்: "தம்பி, இண்டைக்கும் காய்ச்சல் வரலாம்."

"வரட்டும் மிஸ்," என்று பிள்ளையின் சட்டையைத் தானே விலக்கினார்.