கன்னிகா மேடம் எழுதாத விதி

கன்னிகா மேடத்துக்குச் சொந்த ஊர் சித்தூர். தினமும் காலையில் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போய், ஒரு மாடியறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். என்ன வேலை என்று அவருடைய அம்மாவுக்கே விளங்கவில்லை. யாராவது கேட்டால், டீச்சர் மாதிரி என்று சொல்லிச் சமாளிப்பாராம். வெளிநாட்டு ஹைஸ்கூல் பிள்ளைகளை வரவழைத்து, நம்மூர்ப் பிள்ளைகளின் வீடுகளில் இரண்டு வாரம் தங்கவைத்து, ஒருவர் வாழ்க்கையை ஒருவர் தெரிந்துகொள்ளத் திட்டம் போட்டுத் தருவதுதான் அந்த வேலை.

ஆரம்பத்தில் அவர்களை ஓட்டலில் தங்கவைத்து, சித்தூர் மாம்பழக்கூழ் கம்பெனியைச் சுற்றிக்காட்டி, கோலாட்டம் ஆடிக்காட்டி அனுப்பினார்கள். நம் பிள்ளைகள் மாலை போட்டதோடு சரி. மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. சண்டை போட்டு எல்லாவற்றையும் மாற்றினார். அவருடைய முதல் விதி: எந்த வீட்டில் தங்குகிறாயோ, அந்த வீட்டார் செய்வதைச் செய். அதற்குக் கீழே காரம், கழிப்பறை, எருமைப்பால், திடீரென்று வரும் அழுகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி.

ஆனால் பல வருஷமாக அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தார்கள். இங்கிருந்து ஒருவரும் போகவில்லை. நிகழ்ச்சியை நடத்தும் டிரஸ்ட்டிடம் கேட்டுக் கேட்டு, போன வருஷம்தான் ஐந்து பேரை அனுப்பச் சம்மதம் வாங்கினார். இந்த முறை வருகிறவர்கள் குறை சொல்லாமல் திரும்பினால் போதும் என்றார்கள்.

ஐந்து பேரில் ஒருத்தி என் தங்கை யாமினி. புத்தூர் கவர்மென்ட் ஸ்கூலில் படிக்கிறாள். நான் பத்தாவதோடு விலகி அந்தப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியவன்.

எங்கள் வீட்டுக்கு வந்தது சுவீடன் பெண். பெயர் லோட்டா. தண்ணீர் லோட்டாவைக் காட்டி உன் சொந்தக்காரர் என்று நான் சொல்ல, தினமும் காலையில் அதற்கு வணக்கம் வைத்தாள். இடுப்பு வரைக்கும் சணல் நிறத்தில் முடி.

அந்த வாரம்தான் எங்கள் வீட்டு மொட்டை. நைனாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் குடும்பத்தோடு திருமலையில் முடி கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். மலைமேல் மொட்டை போடும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். யாமினி எழுந்ததும் அந்த இடத்தில் லோட்டா போய் உட்கார்ந்தாள். அம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். லோட்டா ஒற்றை விரலைக் காட்டினாள். முதல் விதி. சாமிக்கு என்று உட்கார்ந்தவளை எழுப்பக் கூடாது என்று அம்மா கையை விட்டுவிட்டாள்.

சந்தனம் பூசிய ஐந்து மொட்டைகளும் நின்று ஃபோட்டோ எடுத்தோம். லோட்டா அதை அன்றைக்கே தன் வீட்டுக்கு அனுப்பினாள். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளைப் பெற்றவர்கள் சிரிக்கவில்லை. அந்த வாரமே அவளைத் திரும்ப வரவழைத்துக்கொண்டார்கள். டிரஸ்ட் மொத்த நிகழ்ச்சியையும் நிறுத்திவிட்டது. நானே ஆசைப்பட்டுத்தான் செய்தேன் என்று லோட்டா அங்கே போய்ச் சொல்லிப் பார்த்தாளாம். பதினாறு வயசுப் பெண் பேச்சை எவர் கேட்கிறார்கள்.

மேடம் எங்கள் வீட்டுக்கு வந்துதான் இதைச் சொன்னார். அம்மா தலை நிமிரவில்லை.

"நான் கைய விட்டிருக்கக் கூடாது, மேடம்."

"உங்க மேல தப்பில்ல, அம்சவேணி. நான் எழுதினதத்தான் அந்தப் பொண்ணு செஞ்சுது. முடிக்கு ஒரு விதி எழுதணும்னு எனக்குத் தோணவே இல்ல. எங்க வீட்லயும் எல்லாரும் மொட்ட போட்டவங்கதானே," என்றார்.

யாமினி ஒரு மாதமாக முள்கரண்டியில் இட்லி தின்று பழகிக்கொண்டிருந்தாள். நான் கேலி செய்தும் விடவில்லை. அவள் கேட்டாள்:

"நாங்க அங்க போயிருந்தா, அவங்க செய்றதெல்லாம் செஞ்சிருப்போம்ல, மேடம்?"

"செஞ்சிருப்பீங்கம்மா."

யாமினி எழுந்து முகம் கழுவப் போனாள். வெகுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டது. அதற்குள் மேடம் போய்விட்டார்.

இப்போது மேடம் திருப்பதியில் ஒரு கோச்சிங் ஹாஸ்டலில் வேலை செய்கிறார். ஒரு செக்‌ஷன் பிள்ளை இன்னொரு செக்‌ஷன் பிள்ளையோடு பேசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் வேலை. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் சித்தூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். கிட்டே போனேன். யாமினிக்கு முடி வளர்ந்ததா என்று கேட்டார்.

"கழுத்து வரைக்கும் வந்துட்ச்சி, மேடம்."

"அப்ப லோட்டாவுக்கும் அவ்ளோதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.