ஓரத்தில் நின்ற பெரியம்மா

லூமுட் கடற்கரையில் எடுத்த படத்தை மகள் கேன்வாஸ் துணியில் அச்சடித்து வாங்கியிருந்தாள். போன வாரம் உருளையைப் பிரித்ததும் எழுந்த மை வாசனை, சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்த என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது.

நான் முதன்முதலாகக் கேன்வாஸ் இழுத்துக் கட்டியது ஈப்போ நகரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில். வாடகை வீட்டில் நானும் அம்மாவும். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எடுத்த படம் ஒன்று அம்மாவிடம் இருந்தது. பால்வெட்டுக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். வலது கோடியில் அம்மாவின் அக்கா, மிளகளவு முகத்தோடு. தன் கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டவர். வேறு படம் கிடையாது.

"அவ முகமே மறந்து போச்சுடா" என்று அம்மா ஒருநாள் சொல்லப்போய், நான் அதைப் பெரிதாக்கி அச்சடித்து வந்தேன்.

சட்டத்தில் பொருத்த உடன் வேலை பார்த்த குமார் வந்தான். ஆணி அடிக்கத் தெரியும் என்று அவனே சொன்னதுதான் தகுதி. எனக்கு அதுவும் இல்லை. சட்டத்தின் மேல் துணியை வைத்துப் பார்த்ததும் விழித்தோம். பின்னால் மடித்து அடிக்க அச்சுக்கடைக்காரர் ஓரத்தில் துணியே விடவில்லை! இருப்பதை மடித்தால் பெரியம்மா பக்கவாட்டுக்குப் போய்விடுவார்.

"பரவால்ல லா மச்சான், ஓரத்து ஆளுதானே. கொஞ்சம் சைடுல போனா என்னா?"

அடுப்படியிலிருந்து அம்மா வந்துவிட்டார். "அவள மடக்காதீங்கடா. உயிரோட இருந்தப்பவும் ஓரத்துலதான் நின்னா."

குமார் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா தன் பழைய கைலியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, கேன்வாஸின் ஓரங்களில் ஒட்டு வைத்து மிஷினில் தைத்தார். ஊசி பெரியம்மாவின் தோளருகே வந்தபோது மட்டும் சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினார்.

பிறகு எங்கள் கூத்து. மூலையிலிருந்து அடிக்கத் தொடங்கினோம். துணி சுருங்கிக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவிலிருந்து இழுத்து அடித்தோம். தட்டினால் தப்பு மேளம் மாதிரி ஒலித்தது. சட்டம் கொஞ்சம் கோணல்தான், அதை விடுங்கள்.

சுவரில் சாய்த்தோம். கிட்டப் பார்த்தால் வெறும் புள்ளிகள். அம்மா பின்வாக்கில் நகர்ந்து வாசல்வரை போய் அசையாமல் நின்றார்.

"டேய்... அக்கா சிரிக்கிறாடா."

ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். புள்ளிகள் ஒன்றுகூடி, கன்னத்தில் குழி விழ ஒரு பெண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இருக்கும் அதே குழி. குமார் சுத்தியலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

அம்மா அப்புறம் வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தூரத்தில் நடப்பவர்களை அழைப்பது போல, உரக்க.

அந்தத் தோட்டத்து லய வீடுகள் நின்ற இடத்தில் இன்று செம்பனை மரங்கள். அம்மாவும் போய்விட்டார். வரிசையில் நிற்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட, அவர்களை அறிந்தவர் இனி யாரும் இல்லை.