உதடு மட்டும் அசைகிற வீடு

காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. குழந்தையிடம் பேசும்போது வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்ள வேண்டும் என்று கோயம்புத்தூரில் படித்த காலத்தில் பழக்கினார்கள். உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டால் காதுக்கு வேலை இருக்காது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு நாலு வயதுப் பெண்ணிடம் என் வித்தை எதுவும் எடுபடவில்லை. அறுவை செய்து உள்காதில் கருவி வைத்து, அதோடு சேர்த்துத் தலையில் கழற்றி மாட்டுகிற வெளிக்கருவியும் கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்பாள். 'அம்மா' என்று சொல்லச் சொன்னால் உதடு கச்சிதமாக அசையும், குரல் மட்டும் வராது. பேச்சு பிடிபடுகிற வயது போய்க்கொண்டே இருக்கிறதே என்று எனக்கு மண்டை காய்ந்தது. அவளுடைய அப்பாதான் பைக்கில் கூட்டி வருவார். "ஊட்ல பேச்சுக் குடுக்கறீங்களா இல்லீங்களா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "அவுங்கம்மா ஓயாம பேசிட்டேதானுங்க இருக்கறா" என்றார். நம்பாமல் சோமனூர்ப் பக்கம் அவர்கள் வீட்டுக்கே போய்விட்டேன்.

வீட்டை ஒட்டி விசைத்தறிக் கொட்டகை. உள்ளே போனதும் காது அடைத்தது. தறிகளுக்கு நடுவே நின்றுகொண்டு அம்மா மகளிடம் பேசிக்கொண்டுதான் இருந்தார், உதட்டை மட்டும் அசைத்து. அப்பாவும் அவரிடம் அப்படியே பேசினார். அந்த இரைச்சலில் கத்தி என்ன ஆகப்போகிறது என்று தறிக்காரர்கள் பழகிக்கொண்ட பேச்சு அது. குழந்தையின் தலையில் வெளிக்கருவியைக் காணோம். சத்தத்துக்கு அழுகிறாள் என்று கழற்றிவிடுவார்களாம், என் அறைக்கு வரும்போதுதான் மாட்டுவார்களாம். இவர்கள் பேசாமல் இருக்கவில்லை, நாள் முழுக்கக் குரலில்லாமல் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

தறியை நிறுத்தச் சொன்னேன். கருவியை மாட்டி, குழந்தையை என் முகம் பார்க்கிற மாதிரி என் மடியில் உட்கார வைத்தேன்.

"பின்னால நின்னு சத்தமா கூப்புடுங்க" என்றேன் அம்மாவிடம்.

"அம்மணி, இங்க வா சாமி."

குழந்தை நிமிர்ந்தாள். திரும்பவில்லை, என் வாயைப் பார்த்தாள். அது மூடியிருக்கவும் விரலால் என் உதட்டைப் பிரிக்கப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த பெண்குரல் என்னுடையது ஒன்றுதான்.

அம்மா மறுபடியும் கூப்பிட்டார். குழந்தை மறுபடியும் என் வாயைத்தான் பார்த்தாள்.

"ஏனுங்க மேடம், என்ற கொரல் எதுன்னே இவளுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க" என்றேன்.