திட்டில் விட்டவனோடு தாம் ஆடிய அன்ரோனெற் அக்கா

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாசியில் மன்னார் டவுனில் நடந்த சுற்றிவளைப்பில் றேடியோ திருத்துகிற சிங்கராசாவையும் ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடையில் பற்றரி அளவுக்கு மிஞ்சி இருந்தது, அதுதான் குற்றம். கதவைப் பூட்டவும் விடவில்லை. மூன்று நாள் கழித்துக் கன்னம் வீங்கி, சனத்தின் றேடியோக்கள் எல்லாம் போயிருக்கும் என்ற பயத்தோடு திரும்பி வந்தான். கதவில் ஆரோ ஒருவரின் பூட்டுத் தொங்கியது. திறப்பு படிக்கல்லுக்குக் கீழே கிடந்தது. உள்ளே ஒரு ஆணிகூடக் குறையவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டேன் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. ஆனால் படி முழுக்க மீன் செதில். மூன்று நாளும் அந்தப் படியில் குந்தியிருந்து மீன் வெட்டியது ஆர் என்று விளங்க அவனுக்குப் பெரிய படிப்புத் தேவைப்படவில்லை.

கடைக்குப் பின்வளவில் இருக்கிற அன்ரோனெற் அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. கருவாடு போட்டு விற்பவர். தனி ஆள். விடியப் பூசை தவறாது. சிரிப்பும் கிடையாது.

அந்த அக்கா தவக்காலத்தில் ஒருநாள் கடைக்கு வந்தார்.

“தம்பி, என்ர கொம்பியூட்டர் இழுக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ.”

“கொம்பியூட்டரோ? அதில என்ன செய்யிறனீங்கள், அக்கா? கருவாட்டுக்கு விலை பாக்கிறனீங்களோ?”

“தாம் ஆடுறனான்.”

கடற்கரையில் பலகையில் கட்டம் கீறி, சோடா மூடிகளை நகர்த்தி ஆடுகிற அதே தாம்தான். சிங்கராசா சிரித்துவிட்டான்.

“சிரியாதேங்கோ. அது எனக்கு விளையாட்டில்லை,” என்றார் அக்கா.

போகிற வழியில் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு இந்தியாவுக்கென்று படகு ஏறிய பதினான்கு பேரில் அவரும் தாய் திரேசம்மாவும் இருந்தார்கள். படகுக்காரன் யேசுதாசன், ஊர்க்காரன்தான். பாதி வழியில் கடலுக்குள் இருந்த மணல்திட்டில் எல்லாரையும் இறக்கினான். “இருங்கோ, தண்ணி கொண்டு வாறன்” என்று சொல்லிப் படகைத் திருப்பினான். வரவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இரண்டாம் நாள் மத்தியானம் திரேசம்மா மகளின் மடியில் கண்ணை மூடினார். மணலைத் தோண்டித் தாட்டார்கள். பொழுதுபட ஏறிய தண்ணீர் அந்தக் குழியையும் கொண்டு போனது. மற்றவர்களை அடுத்த நாள் இந்தியப் பக்கத்து மீன்காரர் ஏற்றினார்கள்.

அக்கா சில வருசம் அங்கே அகதி முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். யேசுதாசன் பிரான்சுக்குப் போய்விட்டான். வெளிநாடுகளில் இருக்கிற ஊர்க்காரர் ஞாயிறு தோறும் இன்ரநெற்றில் ஒரு இடத்தில் கூடித் தாம் ஆடுகிறார்களாம், அங்கே அவனை வெல்ல ஆள் இல்லையாம். இதை வெளிநாட்டில் இருக்கிற அக்காவின் தம்பி, காமில் என்பவன், போனில் சொன்னான். அக்கா அவனைக் கொண்டே ஒரு பழைய கொம்பியூட்டர் வாங்கினார். உள்ளே போய், எல்லாரும் பார்க்க யேசுதாசனை ஆட்டத்துக்கு அழைத்தார்.

“நான் வெண்டா நான் கேக்கிற ஒரு கேள்விக்கு அவன் எல்லாருக்கும் முன்னால பதில் சொல்லவேணும். ஞாயிறு ஒரு ஆட்டம். உயிர்த்த ஞாயிறோட சரி, அதுக்குப் பிறகு கேக்கப்படாது. அப்பிடித்தான் பேச்சு. ஆளுக்கு அஞ்சு நிமிசம் தம்பி. நான் காய வைக்கிறன், அது நகராம நிக்குது. என்ர மணிக்கூடு மட்டும் ஓடுது. மூண்டு ஆட்டம் அப்பிடியே போச்சு. போன கிழமை எழுதுறான், ‘அக்கா, உங்கட லைன் நண்டு பிடிக்கப் போட்டுதோ’ எண்டு.”

சிங்கராசா கொம்பியூட்டரைத் திறந்தான். மீன் உப்பு பட்டு வயர் முனையெல்லாம் பச்சை பிடித்திருந்தது. சுரண்டித் துடைத்தான். காமிலோடு பேசுகிற பெட்டி திரையில் பின்னால் திறந்தபடியே கிடந்து லைனைத் தின்றது. அதையும் மூடினான். ஆனாலும் அடுத்த ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குக் காய் நடுவழியில் நின்றது. மூலையில் நேரம் கரைந்தது. அக்கா திரையைப் பார்த்தபடி பல்லைக் கடித்தார். அன்றும் தோல்வி.

“அக்கா, அந்த யேசுதாசன் செத்தா உங்களுக்கு நிம்மதியோ?” என்று சிங்கராசா மெல்லக் கேட்டான்.

“ஐயோ, சாகப்படாது. ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திறதே அவன்ட சுகத்துக்குத்தான். நான் கேட்டு முடிக்குமட்டும் அவன் நல்லா இருக்கவேணும்.”

சிங்கராசா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

கொம்பியூட்டருக்கு வருகிற வயர் சுவரில் ஏறி, அந்தோனியார் கூட்டை மூடியிருந்த ஊதாத் துணிக்குப் பின்னால் போனது. பாடுகளின் காலத்தில் சுரூபங்களை மூடிய துணியை உயிர்ப்புக்கு முன்னர் ஆர் விலக்குவார்கள்? இன்ரநெற் கொண்டுவருகிற கம்பியில்லாப் போன் அந்தப் பக்கம் எங்கேயோ யன்னலடியில் இருக்கும் என்று அவன் தானாகவே முடிவு கட்டியிருந்தான்.

உயிர்ப்புக்கு முதல்நாள், பெரிய சனிக்கிழமை, அவன் மறுபடி வந்து கொம்பியூட்டரின் முன்னால் இருந்தான். பக்கம் திறக்க வழமைபோல் ஆடி அசைந்துகொண்டிருந்தது. திருவிழிப்புப் பூசைக்குப் போகமுதல் சுரூபத்தைத் துடைத்து வைக்க வேண்டுமென்று அக்கா ஊதாத் துணியை அவிழ்த்தார். கூட்டுக்குள் கையை விட்டுப் போனைத் தூக்கி மேசையில் வைத்தார். வைத்த கையோடு பக்கம் பட்டென்று திறந்தது.

“போன் உதுக்குள்ளேயோ இருந்தது?”

“வேறெங்க வைக்கிறது? தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தாறவர் அவர்தானே. நான் தேடுற ஆளையும் அவர் பிடிச்சுத் தரட்டும் எண்டு பக்கத்திலேயே வைச்சனான்.”

சிங்கராசா எழுந்து கூட்டை எட்டிப் பார்த்தான். மேலே தகரம். மூன்று பக்கமும் வெளிச்சத்துக்கு மினுங்கட்டும் என்று அக்கா வெள்ளித்தாள் ஒட்டியிருந்தார்.

“அக்கா, இந்தத் தகரத்துக்கும் தாளுக்கும் இடையில சிக்னல் எப்பிடி வரும்?”

அக்கா தகரத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு, “போன் அவரை விட்டு வராது. நேர்த்தி வைச்சிட்டன்,” என்றார். கடைசியில் இருவருமாகச் சுரூபத்தையே கூட்டிலிருந்து இறக்கி யன்னல் விளிம்பில் வைத்தார்கள். அந்தோனியாருக்குப் பக்கத்தில் போன். போனில் நாலு கோடு நிறைந்து நின்றது.

உயிர்த்த ஞாயிறு, ஐந்து மணி. காய் வைக்க வைக்க நகர்ந்தது. தாமில் வெட்டக் கிடைத்தால் வெட்டியே ஆகவேண்டும், விடமுடியாது. அக்கா ஒரு காயைக் கொண்டுபோய் அவன் வாய்க்கு நேரே வைத்தார். யேசுதாசன் வெட்டினான். இன்னொன்றும் வைத்தார். அதையும் வெட்டினான். “இந்தா, தின்னு,” என்று மூன்றாவதையும் வைத்தார். அவன் வெட்டி முடிய, அவனுடைய கடைசி வரி வெறுமையாகக் கிடந்தது. அக்காவின் காய் நாலு வெட்டில் அங்கே போய் ராசாவாகி நின்றது. அதன் பிறகு அவனுக்கு அசைக்கக் காய் இல்லை.

அந்த இன்ரநெற் அறையில் பதினொரு பேர் பார்த்திருந்தார்கள். அக்கா ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: “தண்ணி கொண்டு வாறன் எண்டுபோட்டு ஏன் வரேல்லை?”

 பிறகு அவனுடைய பேருக்குக் கீழே எழுத்து விழுந்தது.

“இருங்கோ, இஞ்ச லைன் இழுக்குது. வாறன்.”

பேர் அணைந்து போனது.

அக்கா சிரித்ததைச் சிங்கராசா அன்றுதான் முதன்முதலாகக் கண்டான். நல்ல சிரிப்பல்ல. “அண்டைக்கும் இதைத்தான் சொன்னவன்,” என்றார். அதற்குள் அறையில் வேறொருவர் எழுதினார்: “என்ர ஐயாவும் அந்தத் திட்டில நிண்டவர். நானும் கேக்கிறன்.” அன்று தொடக்கம் அந்த அறையில் ஒருவரும் யேசுதாசனோடு ஆடவில்லை. பேர் மாற்றி வந்தான், ஆட்டத்தை வைத்தே அக்கா கண்டுபிடித்தார். கேள்வியைப் போட்டார். உடனே அணைந்தான். ஞாயிறு தோறும் இப்படி.

அடுத்த வருசம் நேவி கடலுக்குப் போகவும் விடவில்லை, கருவாட்டுக்கு மீனும் இல்லை. அக்கா மறுபடி இந்தியாவுக்குப் படகு ஏறத் தீர்மானித்தார். அதே கடல், அதே திட்டுகள். புறப்பட்ட அன்று பின்னேரம் கொம்பியூட்டரையும் போனையும் அந்தோனியாரையும் கொண்டுவந்து சிங்கராசாவின் கடை மேசையில் வைத்தார்.

“பயமில்லையோ அக்கா?” என்றான்.

“இந்தமுறை படகுக்காரன் இறங்கு எண்டா இறங்கமாட்டன்.” படியில் இறங்கிப் போனவர் திரும்பிப் பார்த்தார். “ஞாயிறு அஞ்சு மணிக்கு என்ர பேரில போய் அந்தக் கேள்வியைப் போடுங்கோ, தம்பி. செவ்வாயில மெழுகுதிரியையும் மறந்திடாதேங்கோ. அவன் நல்ல சுகத்தோட இருக்கவேணும்.”